அனுப்பாமலே போன குறிப்புகள்

அன்புள்ள மருமகன் குமரகுருபரனுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து மாமா ஆவுடைநாயகம் ஆசி கூறி எழுதுவது. இங்கே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நீங்கலாக யாவரும் நலம். போனில் பேசினால் என் மகள் மதுமதி காதில் விழும் என்பதால் கடிதமாக எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

நம் சங்கத்துக்கு வரன் பார்க்கும் வெப்சைட்டை உண்டாக்கி, செயலாளர் என்று என் தலையில் கட்டியவன் நீ. "சர்வர் ஜெர்மனியில இருக்கு மாமா, ஆனா நீங்க வீட்டுல இருந்துகிட்டே ஃபைலைத் திறந்து திருத்தலாம்" என்றாய். திறந்தேன். வந்த கோப்பில் ஓரக்குறிப்பு எழுதாமல் விட என் கைக்குப் பழக்கமில்லை. தாலுகா ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவன் நான். அங்கே டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் நம்பர் போட்டு, முத்திரை குத்தி, பியூன் தூக்கிக்கொண்டு போனால் ஒழிய ஒரு தாள் வாசலைத் தாண்டாது. சேவ் என்றால் மேஜை டிராயரில் வைப்பது என்றுதான் நினைத்தேன். அடித்த சேவ் ஒவ்வொன்றும் நேரே ஜெர்மனிக்குப் போய் ஊர் பார்க்கத் தொங்கும் என்று நீ எழுத்துமூலம் தெரிவித்தாயா?

"வரன் ஒன்பது: உயரம் ஐந்தடி எட்டு, செருப்போடு. வரன் பதினாலு: சொந்த வீடு உண்டு, பத்திரம் தம்பி பெயரில். வரன் இருபத்திரண்டு: குடிப்பழக்கம் இல்லை, பிறர் வாங்கிக் கொடுத்தால் உண்டு." பதினோரு நாள் தொங்கியிருக்கிறது! ஒன்பதாம் வரனின் அப்பா அருணாசலம் ரதவீதியில் வைத்தே கேட்டுவிட்டார்: "என்ன வே, செருப்பக் கழட்டச் சொல்லி அளந்தீரோ?"

அது போகட்டும். மதுமதிக்குப் பேசி வைத்த சிவசண்முகத்தின் பக்கத்தில், "பையன் தங்கம். தாயார் வாய்க்குப் பாபநாசம் அணை போல மதகு தேவை" என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். அந்தத் தாயார் சொர்ணாம்பாள் இன்று போன் செய்தார். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு நீங்க மதகோட வருவியளா, நாங்களே மாட்டிக்கிட்டு வரணுமா?" என்றார். இந்த இடம் தவறினால் எனக்குத் தூக்கமே வராது. ஆகவே நீ எல்லாவற்றையும் அழித்து, யாரோ ஹேக்கர் செய்த வேலை என்று அவர்களிடம் சொல்லி, என் பாஸ்வேர்டையும் ரத்து செய்துவிட வேண்டியது.

நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் உன்னையும் உன் சர்வரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா ஆவுடைநாயகம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இன்னும் எங்கெங்கே எழுதியிருக்கிறேன் என்று ஃபைலைத் திறந்து பார்த்தேன். பெண்கள் பட்டியலில் நம் மதுமதி பெயருக்கு எதிரே என் குறிப்பு: "பெண்ணிடம் சம்மதம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். எனவே கேட்கத் தேவையில்லை." அதன் கீழே இன்று காலை புதிதாக ஒரு வரி: "பார்த்தேன். வேண்டாம் அப்பா." பாஸ்வேர்டு அவள் பிறந்த தேதிதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது மருமகனே. நீ எதையும் அழிக்காதே, ஹேக்கர் என்றும் சொல்லாதே. சொர்ணாம்பாள் வீட்டுக்கு நானே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.