லேப் அண்ணன் கதவைச் சாத்தினால்

கரண்ட் வந்துவிட்டது. மின்விசிறி சுற்றியது, குழல்விளக்கு எரிந்தது, தண்ணீர் மோட்டார்கூட உறுமியது. யூபிஎஸ் மட்டும் எழுந்திருக்கவில்லை.

பள்ளி அலுவலகத்தை ஒட்டிய சின்ன அறையில் அந்தக் கறுப்புப் பெட்டியின் முன்னால் கிளார்க்கம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியில் ஒற்றைச் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது. அது பச்சையானால்தான் கணினிக்கு உயிர் வரும். கணினிக்குள் நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பங்கள் இருந்தன. நாலு மணிக்குள் அனுப்பாவிட்டால் அத்தனை பேருக்கும் ஒரு வருஷம் போச்சு. இப்போது மணி மூன்று பத்து.

நேற்றே அனுப்பியிருக்கலாம். 'எதுக்கும் பேரெல்லாம் இன்னொரு தடவை பாத்துடறேன்' என்று நிறுத்தி வைத்தவர் இதே கிளார்க்கம்மாதான்.

"லேப் அண்ணன் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே தலைமையாசிரியை ஓடிவந்தார்.

"பல்லு பிடுங்கப் போயிருக்கார் மேடம்."

"இன்னிக்கா? அந்தப் பல்லு நாளை வரைக்கும் தாங்காதாமா?"

லேப் அண்ணன் என்பவர் அறிவியல் ஆய்வக உதவியாளர். ஆனால் அவருடைய பெருமையெல்லாம் இந்த யூபிஎஸ்ஸில்தான் இருந்தது. கரண்ட் போய் வந்தால் பெட்டி இப்படித்தான் முரண்டு பிடிக்கும். அண்ணன் வருவார். சிவப்பு விளக்கை ஒரு பார்வை பார்ப்பார். "நுணுக்கமான வேலை. யாரும் உள்ள வராதீங்க" என்று கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே ஆசிரியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கண் சிவந்து, தலை கலைந்து, ஒரு கன்னத்தில் கோடு கோடாகத் தடம் பதிந்து வெளியே வருவார். பெட்டி பச்சையாகச் சிரிக்கும்.

"பாவம், ஒயர்ல காதை வெச்சே கோளாறைக் கண்டுபிடிக்கிறார்" என்று கிளார்க்கம்மா அந்தக் கோடுகளுக்கு விளக்கம் சொல்வார். என்ன மனுஷன்! ஒரு நாளாவது அலட்டிக்கொண்டது உண்டா?

அவர் இல்லாததால் பி.டி. மாஸ்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"தள்ளுங்கம்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எந்த மிஷினும் வழிக்கு வரும்."

செய்தார். சிவப்பு விளக்கு ஒரு கணம் அணைந்து, முன்னிலும் வேகமாக மினுக்கியது. நாலு நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி ஆஃப், மறுபடி ஆன். பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டினார்.

துடைப்பத்தோடு வாசலில் நின்ற பெருக்கும் அக்கா, "சார், நான் ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"அப்புறம் பெருக்கிக்கலாம்கா! இங்க தலை போற வேலை நடக்குது!"

"மாஸ்டர், நேரா சுவத்துலயே குடுத்துப் பார்ப்போமா?" என்றார் கிளார்க்கம்மா.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்று மாஸ்டர் கணினியின் பிளக்கைப் பிடுங்கி, ஆட்டம் கண்டிருந்த பழைய சுவர் சாக்கெட்டில் செருகினார். பொட்டென்று ஒரு பொறி. சுவரில் கருகல். அந்த மாடி முழுக்கக் கரண்ட் போனது.

மெயினைத் தேடிப் பிடித்துப் போடுவதற்குள் மூன்று முப்பத்தைந்து ஆகிவிட்டது. கருகிய சாக்கெட்டை இனி நம்ப முடியாது. மறுபடியும் யூபிஎஸ்தான் கதி. அது முதலிலிருந்து மினுக்க ஆரம்பித்தது.

கிளார்க்கம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "நூத்தி நாப்பத்தி மூணு பிள்ளைங்க மேடம். நான் எந்த முகத்தோட அதுங்க முன்னாடி நிப்பேன்?"

தலைமையாசிரியை லேப் அண்ணனின் கைபேசிக்கு அடித்தார். ஒலிபெருக்கியில் போட்டார்.

"ம்ம்?"

"அண்ணே, யூபிஎஸ் வரலை!" என்று கத்தினார் கிளார்க்கம்மா.

"ம்ம்ம்."

"வாய்ல பஞ்சு வெச்சிருக்காங்க போல" என்றார் மாஸ்டர். "அண்ணே, ஆமான்னா ஒரு ம்ம், இல்லேன்னா ரெண்டு ம்ம். பின்னாடி சிவப்பு ஒயரைப் பிடுங்கட்டுமா?"

"ம்ம் ம்ம்!"

"அப்ப கறுப்பு?"

"ம்ம் ம்ம்!"

"ரெண்டையும் சேத்தா?"

"ம்ம் ம்ம் ம்ம் ம்ம்!"

"நாலு ம்ம். ரெண்டு 'இல்லை' சேர்ந்தா 'ஆமா'ன்னு அர்த்தமா மேடம்?" என்று மாஸ்டர் ஒயரை நோக்கிக் கையை நீட்டுவதற்குள், "கைய எடுங்க மாஸ்டர்!" என்று தலைமையாசிரியை போட்ட அதட்டலில் பக்கத்து வகுப்பே எழுந்து நின்றது. அழைப்பும் துண்டிக்கப்பட்டது.

மூன்று முப்பத்தொன்பதுக்கு அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'கதவைச் சாத்துங்க. யாரும் உள்ள இருக்காதீங்க.'

"அங்கேயிருந்தே பண்ணப்போறாரு!" என்றார் கிளார்க்கம்மா பயபக்தியோடு. மூன்று பேரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

"அம்மா, நான் சொல்ல வந்தது..." என்றார் பெருக்கும் அக்கா.

"ஷ்ஷ்! அண்ணன் வேலை பண்றாரு."

வராந்தாவில் நின்றபடியே கிளார்க்கம்மா கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டார். மூன்று ஐம்பதுக்கு உள்ளே 'கீக்' என்று ஒரு சத்தம். திறந்தால், பச்சை! ஓடிப்போய்க் கணினியைப் போட்டு, அனுப்பும் பொத்தானை அமுக்கி, 'விண்ணப்பங்கள் பெறப்பட்டன' என்ற வரி திரையில் வந்தபோது மூன்று ஐம்பத்தேழு. கிளார்க்கம்மா நாற்காலியிலேயே விசும்பி விசும்பி அழுதார். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை வீங்கிய கன்னத்தோடு வந்த லேப் அண்ணனை மொத்தப் பள்ளியும் எழுந்து நின்று கைதட்டி வரவேற்றது. "பல் நாற்காலியில் படுத்துக்கொண்டே நம் பிள்ளைகளின் ஒரு வருஷத்தைக் காப்பாற்றியவர்" என்று தலைமையாசிரியை பேசினார். "இந்த நுணுக்கத்தை இன்னும் ரெண்டு பேருக்காவது அவர் கத்துக்குடுக்கணும்" என்றும் கேட்டுக்கொண்டார். அண்ணன் கூச்சத்தோடு இரண்டு கையையும் ஆட்டி மறுத்தார். அந்த அடக்கத்துக்கு இன்னொரு கைதட்டல்.

கூட்டம் கலைந்ததும் கிளார்க்கம்மாவுக்கு மனசு உறுத்தியது. வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் போனார்.

"நேத்து ரெண்டு தடவை ஏதோ சொல்ல வந்தீங்க. பதட்டத்துல அதட்டிட்டோம். என்னக்கா அது?"

"பெருசா ஒண்ணுமில்லம்மா. அந்தப் பெட்டியை நோண்டாம விட்டா பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல அதுவா முழிச்சுக்கும், அண்ணனும் அதுகூடவே முழிச்சுக்குவாரு. நேத்து அவர் இல்லையே, அந்தப் பாயையும் தலகாணியையும் உங்களுக்கு எடுத்துப் போடட்டுமான்னுதான் கேட்க வந்தேன்."