எடைக்காரர் தேர்ந்த பிராசஸர்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் எதிர்வீட்டு எடைக்காரர். கதையில் ஏமாறுகிறவரும் அவரே. ஆதலால் தம்மை உயர்த்திக்கொள்ள இதில் எதையும் கூட்டியிருப்பார் என்று நான் ஐயுறவில்லை, அங்கங்கே குறைத்திருக்கலாம். குறைந்த இடங்களை அவர் மனைவியிடம் கேட்டு நிரப்பிக்கொண்டேன்.

எடைக்காரர் என்றால் காய்கறி நிறுப்பவர் அல்லர். ஊர்க்கோடியில் லாரிகளை அப்படியே மேடையில் ஏற்றி நிறுக்கும் நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். சரக்கோடு ஒருமுறை, வெறும் வண்டியாக ஒருமுறை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் உண்மை வந்துவிடும். உலகத்தில் எதையும் இப்படி நிறுத்துக் கழித்து அறிந்துவிடலாம் என்பது அவர் கொள்கை. அவருடைய மனைவி துணி தைப்பவர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. இவர் நிறுப்பார், அம்மாள் அளப்பார். முப்பது ஆண்டு இல்லறத்தில் நிறுவை ஒருமுறைகூட அளவை வென்றதில்லை.

அவர்களுக்கு ஒரே மகன் இருந்தான்.

கணினியில் லாரி ஓட்டும் ஆட்டம் ஒன்று உண்டாம். அதை அவன் ஆடுவான். ஆடுவதை இணையத்தில் நேரலையாகவும் காட்டுவான். சனிக்கிழமைப் பிற்பகல்தோறும் முப்பத்தொரு பேர் பார்த்தார்கள். மற்றவர்கள் பறந்துபோகும் சாலையில் இவன் மட்டும் வழியிலுள்ள ஒவ்வோர் எடை நிலையத்திலும் வண்டியை நிறுத்துவான். "அப்பா கூப்பிடுறார், இருங்க" என்பான். முப்பத்தொரு பேரும் சிரிப்பார்கள்.

ஆட்டத்தை நடத்துவதும் அதை ஊருக்கெல்லாம் அனுப்புவதும் ஒரே கணினியின் தலையில் விழுந்தன. படம் திக்கித் திக்கி நகர்ந்தது. "அடுத்த சனிக்கிழமை, அனுப்புறதுக்குன்னே தனியா ஒரு மெஷினோட வர்றேன்" என்று அவன் சொல்லி விடைபெற்றான். அந்த வாரம் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டான். வயது இருபத்திரண்டு.

இரண்டு ஆண்டுகள் ஆயின. அம்மாள் அவன் அறையை நாள்தோறும் துடைப்பார்; அவனைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். பேசினால் அவள் உடைந்துவிடுவாள் என்று எண்ணி எடைக்காரரும் பேசமாட்டார். வீட்டில் தையல் இயந்திரம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மேசை இழுப்பறையில் மகனின் நோட்டு கிடைத்தது. அதில் அந்தத் தனிக் கணினிக்கான பட்டியல்: மதர்போர்டு, ரேம், பவர் சப்ளை, பெட்டி, ஆட்டத்தின் படத்தை வாங்கி அனுப்பும் கேப்சர் கார்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயரும் எண்ணும் திருத்தமாக எழுதப்பட்டிருந்தன. கணினிக்கு மூளையான பிராசஸர் என்ற சொல்லுக்கு எதிரே மட்டும் வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தை எடைக்காரர் வெகுநேரம் பார்த்தார். பிள்ளை முடிவெடுக்குமுன் போய்விட்டான் என்று நினைத்தார். அக்கணமே தீர்மானித்தார்: மகனின் பிறந்தநாள் ஒரு சனிக்கிழமையில் வருகிறது, அன்று அவன் சொன்ன மெஷின் அவன் சொன்னபடி வரும். இது மனைவிக்குத் தெரியக்கூடாது. அவள் தாங்கமாட்டாள்.

பட்டியலோடு உதிரிப்பாகக் கடைக்குப் போனார். மற்றவை ஐந்தும் ஐந்து நிமிடத்தில் முடிந்தன.

"பிராசஸர்ல ரெண்டு இருக்கு சார். இந்த மதர்போர்டுல ரெண்டும் உக்காரும். இது பதினஞ்சாயிரத்து இருநூறு. அது இன்னும் கூட" என்றார் கடைக்காரர்.

"ரெண்டையும் கையில குடுங்க."

வலக்கையில் ஒரு பெட்டியும் இடக்கையில் ஒரு பெட்டியுமாக ஏந்தி, எடைக்காரர் கண்ணை மூடினார்.

"சார், என்ன பண்றீங்க?"

"நிறுக்கிறேன்."

"பிராசஸரையா?"

"இது முந்நூறு கிராம் கூட. விலையும் கம்மி. கனம் கூட, காசு கம்மி. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அது உள்ள விசிறி இருக்கு சார், அந்தக் கனம். ஆனா அதுல படம்..."

"நாற்பது டன் லாரியில நாலு மூட்டை ஒளிச்சு வச்சாலும் கண்டுபிடிக்கிறவன் நான். எனக்கே சொல்லித் தர்றீங்களா? பில்லைப் போடுங்க."

கடைக்காரர் பில்லைப் போட்டார். 'படம்' என்ற சொல் பாதியிலேயே நின்றது.

வீட்டு வாசலில் அம்மாள் நின்றிருந்தார்.

"என்ன பெட்டி இது?"

"எடை நிலையத்துக்குக் கம்ப்யூட்டர்."

"ஆபீஸ் கம்ப்யூட்டர் வீட்டுக்கு எதுக்கு வருது?"

"அங்க ஒரே தூசி. இங்க வச்சு மாட்டி எடுத்துட்டுப் போகணும்."

"பக்கத்துல கண்ணாடி வச்சிருக்கே?"

"உள்ள தூசி இருக்கான்னு பார்க்க."

"சிவப்பு, பச்சை, ஊதான்னு லைட் எரியும்னு படம் போட்டிருக்கே?"

"லாரிக்காரங்களுக்குத் தெரிய வேண்டாமா? சிவப்புன்னா நில்லு, பச்சைன்னா போ."

"ஊதான்னா?"

எடைக்காரர் திகைத்தார். இருபத்தாறு ஆண்டு அனுபவத்தில் ஊதா வந்ததில்லை.

"ஊதான்னா... மேனேஜர் வர்றார்னு அர்த்தம்."

அம்மாள் அவரை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை கண்ணால் அளந்தார். "சரி. எங்க வச்சு மாட்டப் போறீங்க?"

"அந்த ரூம்ல. மேசை அங்கதான் பெரிசு."

அம்மாள் அந்த அறைக் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு, "சட்டையைக் கழற்றிப் போடுங்க, துவைக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று மாலைகள் கதவைச் சாத்திக்கொண்டு, கற்றுத்தரும் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து எடைக்காரர் பாகங்களைப் பொருத்தினார். வியாழக்கிழமை மாலை பொத்தானை அழுத்தினார். விசிறி சுழன்றது. சிவப்பு எரிந்தது, பச்சை எரிந்தது, ஊதாவும் எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. வயரை மாற்றினார். ரேமைக் கழற்றி மாட்டினார். கறுப்பு. கடைசியில் தரையில் அமர்ந்து பெட்டியின் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தார்.

"இதுகூட என்னால முடியலடா" என்றார். "அப்பா கூப்பிடுறேன். கொஞ்சம் நில்லேன்டா."

கதவுக்கு அப்பால் தையல் இயந்திரம் நின்றது. நெடுநேரம் கழித்தே மறுபடி ஓடத் தொடங்கியது.

மறுநாள் வேலையில் அவர் மனம் ஊன்றவில்லை. கல் ஏற்றி வந்த லாரியை நிறுத்தவர், வெறும் வண்டியின் எடையைக் கழிக்க மறந்து சீட்டு எழுதிக் கொடுத்தார். "சார், கல்லோட என் வண்டியையும் வித்துட்டீங்களே, நான் நடந்தா வீட்டுக்குப் போறது?" என்றார் ஓட்டுநர். இருபத்தாறு ஆண்டில் அதுவே அவருடைய முதல் பிழை.

சனிக்கிழமை நண்பகல். கடைசியாக ஒருமுறை என்று பெட்டியின் தலையில் ஓர் அறை வைத்துப் பொத்தானை அழுத்தினார். திரை ஒளிர்ந்தது! எழுத்துகள் வந்தன, படமும் வந்தது. அதட்டிச் சொன்னால்தான் எதுவும் கேட்கும் என்று அவர் தமக்குத்தாமே முதுகில் தட்டிக்கொண்டார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த கடவுச்சொல்லைக் கொண்டு மகனின் நேரலையைத் திறந்தார். பழைய கணினியில் ஆட்டத்தைத் தொடங்கி லாரியைக் கிளப்பினார். முதல் வளைவிலேயே வேலியில் மோதினார். பார்ப்போர் எண்ணிக்கை சுழி. பிறகு ஒன்று. பிறகு நான்கு.

'யார் இது?' என்று ஒருவர் எழுதினார்.

எடைக்காரர் ஒலிவாங்கியின் அருகே குனிந்தார். "அவனோட அப்பா பேசுறேன். அடுத்த சனிக்கிழமை புது மெஷினோட வர்றேன்னு அவன் சொல்லியிருந்தான். ரெண்டு வருஷம் தாமதமாயிடுச்சு. மன்னிச்சுக்குங்க."

எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்பது. பதினைந்து. பத்தொன்பது. பிறகு ஒரு வரி வந்தது: 'எடை நிலையத்துல நிறுத்துங்கப்பா. காத்திருக்கோம்.'

நிறுத்தினார். சக்கர அச்சு ஒவ்வொன்றின் மேலும் எவ்வளவு பாரம் விழ வேண்டும் என்று பத்தொன்பது பேருக்கும் விளக்கினார். படம் ஓரிடத்திலும் திக்கவில்லை. திக்கியது அவர் குரல்தான்.

'படம் அருமையா போகுது. என்ன பிராசஸர்?' என்று கேட்டார் ஒருவர்.

இதற்காகத்தானே காத்திருந்தார்! காலிப் பெட்டியை எடுத்துக் கேமராவுக்கு முன் பெருமையாகப் பிடித்தார்.

'அப்பா, அந்த மாடல்ல படம் வராது. தனியா கிராபிக்ஸ் கார்டு போடணும். போட்டீங்களா?'

"இல்லையே. ஆனா படம் வருதே!"

'அப்போ உள்ள இருக்கிறது அது இல்லை.'

கடைக்காரர் பாதியில் விட்ட சொல் இப்போது முழுதாக வந்து எடைக்காரரின் காதில் விழுந்தது. மெல்லத் திரும்பினார். வாசற்படியில் அம்மாள் நின்றிருந்தார். கழுத்தில் நாடா, கையில் அளவு நோட்டு.

"நீயா மாத்தின?"

"நேத்து. நீங்க வேலைக்குப் போனப்புறம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"துவைக்கப் போட்ட சட்டையில பில்லு இருந்துச்சு. வியாழக்கிழமை நீங்க பேசினதும் கேட்டுச்சு."

"கழற்றி மாட்ட யார் சொல்லிக்கொடுத்தா?"

"பட்டன் மாத்துறதைவிட லேசுங்க. கொக்கியைத் தூக்கினா கையோட வந்துடுது. சூடு கடத்துற பசை மட்டும் பட்டாணி அளவு வைக்கணும். கடைக்காரர் சொன்னார், நான் காது கொடுத்துக் கேட்டேன்."

"அதெல்லாம் சரி, எந்தப் பிராசஸர்னு எப்படித் தெரிஞ்சுது? அவன்தான் எழுதவே இல்லையே!"

அம்மாள் அளவு நோட்டை விரித்து அவர் மடியில் வைத்தார். மகனுடைய பக்கம். கழுத்து பதினைந்தரை, தோள் பதினெட்டு, கை இருபத்துநான்கு. அதன் கீழே அவன் கையெழுத்தில் ஒரு பிராசஸரின் பெயரும் எண்ணும். பக்கத்தில் இரண்டு சொற்கள்: அம்மா பங்கு.

"பிறந்தநாளுக்கு இது ஒண்ணை நான் வாங்கித் தர்றதா சொல்லியிருந்தேன். அதான் லிஸ்டுல எழுதாம விட்டான். அப்பாகிட்ட சொல்லாதேம்மா, கடைக்கு வந்து நிறுத்துப் பார்ப்பார்னு சொன்னான்."

எடைக்காரரால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இரண்டையும் ஒருசேரச் செய்தார்.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஊதான்னா மேனேஜர் வர்றார்னு சொன்ன மனுஷன்கிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

ஒலிவாங்கி திறந்தே இருந்தது. திரையில் பத்தொன்பது பேரும் சிரித்தார்கள். அந்த அறையில் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் சிரித்த முதல் சிரிப்பு அது.

அம்மாள் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். பட்டன் டப்பாவில் இரண்டு ஆண்டு கிடந்து மடிப்புக் கலையாத ரூபாய் நோட்டுகள்.

"நீங்க வாங்கினதைக் கடையில அதே பதினஞ்சாயிரத்து இருநூறுக்குத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. புதுசோட விசிறி வராது, அதனால அதுல இருந்த விசிறியை நாம வச்சுக்கிட்டோம், அதுக்கு அறுநூறு பிடிச்சாங்க. மிச்சத்தைப் புதுசோட விலையில கழிச்சுட்டு, மேற்கொண்டு ஆனதை நான் போட்டேன். ஆனா புதுசு முழுக்க என் பங்கு. அவனுக்கு நான் கொடுக்க வேண்டியது. உங்க காசு அதுல இருக்கக் கூடாது. பிடிங்க."

"நமக்குள்ள என்னம்மா..."

"பிடிங்கன்னா. நீங்க பார்த்துப் பார்த்து எடுத்ததுல இப்ப உள்ள ஓடுறது அந்த விசிறி ஒண்ணுதான். அதுக்கு நான் காசு தரமாட்டேன்."

எடைக்காரர் வாங்கிக்கொண்டார். கண் மறைத்ததால் ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார். விசிறி போக, சரியாகப் பதினான்காயிரத்து அறுநூறு.