மாமியின் பதக்கமும் ஆறு பொன்னாடைகளும்

லண்டன் தமிழ் விழாக்களில் போர்த்தப்படும் பொன்னாடை யாருக்கும் சொந்தமில்லை. விழா எடுக்கிற எல்லோருக்கும் இது தெரியும். மேடையில் சொல்வதில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு வாங்கியவர் அதை மடித்து அலுமாரியில் வைப்பார், அடுத்த மாதம் இன்னொருவருக்குப் போர்த்துவார். நான் ஹரோ தமிழ்ச் சங்கச் செயலாளராக இருந்த காலத்தில் பச்சைக் கரை போட்ட ஒரே பொன்னாடை மூன்று தடவை என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. (மூன்றாம் தடவை அதில் யாரோ சாம்பார் சிந்தியிருந்தார்கள்.)

இந்தத் தொழில் இரகசியத்தில் எனக்கு இருந்த அபார ஞானம்தான் என்னைக் கவிழ்த்தது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். என் மனைவி தர்ஷினியின் அம்மா, பரமேஸ்வரி மாமி, வட லண்டன் எட்மண்டனில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மஞ்சள் கோட்டும் வட்டப் பலகைத் தடியுமாக நின்று, இருபத்தைந்து வருடம் பிள்ளைகளைத் தெருக் கடக்க வைத்தவர். தடியே தேவையில்லை, ஒரு பார்வையில் டபுள் டெக்கர் பஸ்ஸை நிறுத்துவார். அதே பார்வையைத்தான் நான் தாலி கட்டும்போது என் மேல் வைத்தார். மகள் ஒரு டொக்டரைக் கட்டுவாள் என்று நினைத்திருந்தவருக்கு, கவுன்சிலில் குப்பைத் தொட்டி விநியோகிக்கும் பிரிவில் வேலை பார்க்கும் நான் வாய்த்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த வருடம் மாமிக்கு அந்தச் சேவைக்காகப் பிரித்தானிய அரசின் எம்.பி.ஈ. பட்டம் கிடைத்தது. அரண்மனைக்குப் போய் வாங்கிக்கொண்டும் வந்துவிட்டார். ("பதக்கத்தைக் கொழுவுறதுக்கு முதலே ஒரு பிள்ளை வந்து என்ரை காஞ்சிபுரத்திலை ஒரு கொளுக்கியைக் குத்திப்போட்டுது. ஆரைக் கேட்டுக் குத்தினவள்?" என்பதுதான் அரண்மனை பற்றி மாமி தந்த முழு அறிக்கை.) மாமியிடம் நல்ல பெயர் எடுக்க இதைவிட ஒரு வாய்ப்பு வருமா? ஹரோவில் ஒரு மண்டபத்தை எடுத்து, சனிக்கிழமை காலை பாராட்டு விழா வைத்தேன்.

அறிமுக உரைக்கு எனக்கு நானே ஐந்து நிமிடம் ஒதுக்கினேன். பேசியது இருபத்தைந்து நிமிடம். ஒரு வாரமாக இணையத்தில் மேய்ந்து சேர்த்ததையெல்லாம் கொட்டினேன். பிரித்தானியப் பேரரசின் பெயரால் அமைந்த இந்தப் பட்ட வரிசை முதலாம் உலகப்போரின் நடுவில் பிறந்தது என்றேன். ரிப்பன் முதலில் ஊதா, பிறகுதான் சாம்பல் கரை வைத்த ரோசா என்றேன். ஆண்களுக்கு நேர் ரிப்பன், பெண்களுக்குப் பூ முடிச்சு என்றேன். ஆக உயர்ந்த வகுப்புக்காரர் பெருவிழாக்களில் அணியும் பொன் சங்கிலியை, அவர் இறந்ததும் குடும்பம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றேன். "கடவுளுக்காகவும் பேரரசுக்காகவும்" என்று பதக்கத்தில் பொறித்திருக்கிறார்கள், ஆனால் பேரரசு எப்போதோ கடையைப் பூட்டிவிட்டது என்றேன். முன்வரிசையில் இருந்த கவுன்சிலர், தமிழ் தெரியாததால், நன்றாகத் தலையாட்டினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"இதிலை மொத்தம் அஞ்சு வகுப்பு. மேல் ரெண்டுக்கும்தான் ஆம்பிளைக்கு சேர், பொம்பிளைக்கு டேம் எண்ட பட்டம். மாமியின்ரை அஞ்சாவது. ஆகக் கடைசி."

எனக்குப் பின்னால் கட்டியிருந்த பனரில் "டேம் பரமேஸ்வரி அவர்களுக்குப் பாராட்டு விழா" என்று ஆளுயர எழுத்தில் போட்டிருந்தது. அடித்ததும் நான்தான். மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு லொறிகள் பின்னால் போயிருக்கும்.

போன மானத்தை நிர்வாகத் திறமையால் மீட்கலாம் என்று நினைத்தேன். பொன்னாடை போர்த்த இருபத்து மூன்று சங்கங்கள் வரிசையில் நின்றன. என் கையில் இருந்ததோ ஆறு ஆடை. அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். ஒரு சங்கத் தலைவர் போர்த்துவார், கமரா மின்னும், நான் பின்னால் நின்று நைசாக உருவி, கரை உள்ளே போக மடித்து, திரைக்குப் பின்னால் நிற்கிற பையனிடம் நீட்டுவேன். ஆடை சுற்றிக்கொண்டு வரிசையின் வாலுக்குப் போய்விடும். ஒரு ஆடைக்கு எட்டு விநாடி. அன்றைக்கு நான் ஒரு இயந்திரம்.

பதினேழாவது சங்கத்தில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "மெடல் தெரியேல்லை!"

உண்மைதான். சேலையில் குத்தியிருந்த பதக்கத்தைப் பொன்னாடை மூடிவிட்டது. உடனே என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும் நாட்கள்தான் ஆபத்தானவை.) பதக்கத்தைச் சேலையிலிருந்து கழற்றி, பொன்னாடையின் மேல், சரியாக நெஞ்சுக்கு நேரே குத்தினேன். சபை கைதட்டியது. கமரா மின்னியது. மாமிகூட லேசாகச் சிரித்தார்.

கைதட்டல் ஓயமுன்னமே என் கைகள் பழக்க தோஷத்தில் அந்தப் பொன்னாடையை உருவி, கரை உள்ளே போக மடித்து, திரைக்குப் பின்னால் நீட்டிவிட்டன.

என் கைகள் செய்ததை நான் கவனிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். வரிசையின் வாலில் அந்த ஆடைக்கு வேலை வரவுமில்லை, ஏனென்றால் இரண்டு மூன்று சங்கங்கள் சாப்பாட்டு வாசனை வந்ததும் வரிசையை விட்டுக் கழன்றுவிட்டன. விழா முடிந்து, வாய் நிறைய வடையோடு நான் நின்றபோது மாமி கேட்டார்.

"தம்பி, மெடலை எடுத்துப் பெட்டியிலை வைச்சனீரோ? ஆறு மணிக்கு எங்கட பள்ளிக்கூடத்துப் பழைய ஹெட்டீச்சர் அதைப் பாக்க வீட்டை வாறா."

"ஓம் மாமி," என்றேன். பெட்டி என் சட்டைப் பையில்தானே இருந்தது.

தர்ஷினி மாமியைக் காரில் எட்மண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குரோய்டன் சங்கத் தலைவர் கேதீஸ் அண்ணை என் தோளில் தட்டினார். "தம்பி, எங்கட விழா மூண்டு மணிக்கு. உந்த ஆறு பொன்னாடையையும் ஒருக்கால் தாரும்." பெருந்தன்மையோடு, ஆடைகளை அடுக்கியிருந்த சூட்கேசை அப்படியே கொடுத்தேன். நாற்காலிகளை அடுக்கி முடித்து, ஆசைக்கு ஒரு தரம் பார்ப்போம் என்று பெட்டியைத் திறந்தேன். உள்ளே வெல்வெட்டில் ஒரு குழி இருந்தது. குழியில் ஒன்றும் இல்லை.

கைகள் செய்த காரியம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேதீஸ் அண்ணைக்குப் பதினாறு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. மெட்ரோபொலிட்டன் லைனில் ஓடி ஏறி, வழியில் ரயில் மாறி, லண்டனின் மறுகோடியில் குரோய்டனில் இறங்கி மண்டபம்வரை ஓடினேன். தின்ற வடையெல்லாம் காலில் கனத்தது.

உள்ளே போனபோது மேடையில் மைக் குகதாசன் அண்ணை நின்றார். லண்டனில் எந்தத் தமிழ் விழாவுக்கும் ஒலிபெருக்கி பூட்டுகிறவர் அவர். எல்லோருக்கும் யாரோ பொன்னாடை போர்த்துவதை மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்குத்தான் அவருக்கு முதல் பொன்னாடை. அதில், சரியாக நெஞ்சுக்கு நேரே, ரோசா ரிப்பன் பூ முடிச்சோடு, மாமியின் பதக்கம் மினுங்கிக்கொண்டிருந்தது.

"இருபத்திரண்டு வருசமா இந்த மைக்கிலை நான் 'ஹலோ, வண், டூ, த்ரீ' எண்டு மட்டும்தான் சொன்னனான்," என்றார் அவர். "அதுக்குப் பிறகு என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

சபை எழுந்து நின்று கைதட்டியது. அவருடைய மனைவி முன்வரிசையில் அழுதார். எனக்கும் அழுகை வந்தது, காரணம் வேறு.

அவர் இறங்கித் தன் ஒலிபெருக்கி மேசைக்குப் போனதும், மேடையோரத்தில் கேதீஸ் அண்ணையைப் பிடித்தேன்.

"அண்ணை, அது அரண்மனை குடுத்த மெடல். என்ரை மாமியின்ரை!"

"எனக்கென்ன தெரியும்? பொன்னாடையை விரிச்சால் மெடல் மினுங்குது. ஹரோக்காரர் வசதியாத்தான் செய்யினம் எண்டு நினைச்சன். 'எங்கட சங்கத்தின்ரை சிறப்புப் பதக்கம்' எண்டு அறிவிச்சும் போட்டன்."

"கழட்டித் தாங்கோ."

"ஏலாது தம்பி. சனம் எழும்பி நிண்டு கைதட்டிப் போட்டுது. வேணுமெண்டால் நீர் போய்க் கேளும்."

போனேன். குகதாசன் அண்ணை காதில் ஹெட்போனோடு ஏதோ திருகிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி சேலைத் தலைப்பால் பதக்கத்தைத் துடைத்து, படம் எடுத்து, யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். எப்படிக் கேட்பது? என் வரலாற்று அறிவைத் துணைக்கு அழைத்தேன்.

"அண்ணை, வாழ்த்துக்கள். இந்த மாதிரிப் பதக்கங்களுக்கு ஒரு விதி இருக்கு. போட்டவர் பிறகு திருப்பிக் குடுக்கவேணும்."

"அப்பிடியோ? எப்ப?"

எனக்குத் தெரிந்த ஒரே விதி சங்கிலி விதிதான். "இறந்த பிறகு," என்றேன்.

"நான் இன்னும் சாகேல்லையே தம்பி."

மாமியை நினைத்தால் பயமாக இருந்தது, இந்த மனிதரைப் பார்த்தால் பாவமாக இருந்தது, என்னை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மாமி.

"தம்பி, எங்கை நிக்கிறீர்?"

"ஹரோ ஹோலிலைதான் மாமி. கதிரை அடுக்கிறன்."

"ஹரோ ஹோலிலை ஏன் குரோய்டன் எண்டு பனர் கட்டியிருக்கு?"

நிமிர்ந்து பார்த்தேன். விழாவை நேரலையில் விட்டுக்கொண்டிருந்த கமரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கை காட்டினேன். (ஏன் காட்டினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.)

"பக்கத்திலை நிக்கிறவர் போட்டிருக்கிறது என்ரை மெடல்தானே?"

"ஓம் மாமி."

ஒதுங்கி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பொன்னாடையை உருவியது, இருபத்திரண்டு வருடம், அழுத மனைவி, எல்லாம்.

"இப்ப கேக்காதையும்," என்றார் மாமி. "சபையிலை வைச்சு ஒரு மனிசன்ரை நெஞ்சிலை இருந்து கழட்டுறது வடிவில்லை. விழா முடிய ஆறுதலாச் சொல்லி, அவையையும் தேத்தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு வாரும். டீச்சரை நான் ரோல்ஸ் குடுத்து மறிச்சு வைக்கிறன்." பிறகு, "மெடல் இல்லாமல் நீர் இந்தப் பக்கம் வரவேண்டாம்," என்று சேர்த்துக்கொண்டார்.

விழா முடியும்வரை குகதாசன் அண்ணையின் பக்கத்தைவிட்டு அசையவில்லை. அவரும் என்னைச் சும்மா விடவில்லை. "தம்பி, அந்த ஸ்பீக்கரை ஒருக்கால் தூக்கும்." "வயரை முழங்கையிலை சுத்தக்கூடாது, பழுதாப் போகும். அவிட்டுத் திருப்பிச் சுத்தும்." ஆறு ஸ்பீக்கரையும் அவருடைய வான் வண்டியில் ஏற்றியபோது எனக்கு முதுகு என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது.

எல்லாம் ஏற்றி, அவருடைய மனைவி முன்சீட்டில் ஏறியதும், குகதாசன் அண்ணை பதக்கத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இந்தாரும். மாமியிட்டைக் குடும்."

"அண்ணை, நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே!"

"நீரும் கேதீசும் மேடை மைக்குக்குப் பக்கத்திலை நிண்டு கதைச்சது முழுக்க என்ரை ஹெட்போனிலை கேட்டது. சபைக்குக் கேக்காமல் சத்தத்தைக் குறைச்சதும் நான்தான்."

"அப்ப ஏன் ரெண்டு மணித்தியாலமா…?"

"இருபத்திரண்டு வருசம் தனியத் தூக்கிறன் தம்பி. ஒரு சங்கத்துச் செயலாளரும் ஒரு கை பிடிச்சதில்லை."

பதக்கத்தைத் திருப்பி அவருடைய கோட்டில் நானே குத்தினேன். "மாமி வீடு வரைக்கும் போட்டிருங்கோ அண்ணை. நீங்களே குடுங்கோ."

எட்மண்டனில் மாமியின் வீட்டுக்குள் நுழைந்தபோது ஹெட்டீச்சர் ஐந்தாவது ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தார். குகதாசன் அண்ணையின் நெஞ்சைக் கண்டதும் துள்ளி எழுந்து, இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, ஒரு வீட்டில் இரண்டு எம்.பி.ஈ.யா என்று வியந்து, செல்பியும் எடுத்துக்கொண்டார். மாமி மூச்சுக் காட்டவில்லை. ஆசிரியை போனபிறகுதான் கை நீட்டினார். குகதாசன் அண்ணை பதக்கத்தைக் கொடுத்தார், மாமி தேத்தண்ணி கொடுத்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த வாரத் தமிழ்ப் பத்திரிகையில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. ஒன்றில் மாமி, கழுத்துவரை பொன்னாடை, பதக்கம் இல்லை. மற்றதில் குகதாசன் அண்ணை, பதக்கத்தோடு. அதனால் லண்டன் தமிழரில் பாதிப் பேர் இன்றைக்கும் அவரை "எம்.பி.ஈ. சவுண்ட்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் எத்தனை தடவை மறுத்தும் பயனில்லை, தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பதினொரு வருடம் ஓடிவிட்டது. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் மாமி கதையை முதலிலிருந்து சொல்வார். தர்ஷினி இடையிடையே பனரை ஞாபகப்படுத்துவாள், என் மகள் கமராவுக்கு நான் கை காட்டியதை நடித்துக் காட்டுவாள். கடைசியில் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைக் காட்டி, முடிவுரை சொல்வார்:

"அரசாங்கம் தந்த மெடலை அரை நாளிலை குரோய்டன் வரைக்கும் கொண்டுபோயிட்டாங்கள். மகள் தந்த இந்த மருமகனைப் பதினொரு வருசமா முன்கதவடியிலை வைச்சிருக்கிறன், ஒருத்தரும் கொண்டுபோறாங்கள் இல்லை."