ஸ்டேஷனில் நான் தவறவிட்ட முகம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். அங்கே தாங்களும் நலமாகவும், கூடவே கோபம் சற்றுத் தணிந்தும் இருக்க வேண்டுகிறேன்.

தங்களை அழைக்க ஸ்டேஷனுக்கு வந்தவன், தங்களைத் தாண்டிப் போய், அதே மாதிரி வழுக்கையும் பழுப்புப் பெட்டியுமாக நின்ற ஒருவரை "வாங்க சம்பந்தி!" என்று கட்டிப்பிடித்து, வீட்டுக்கு அழைத்து வந்து காபி கொடுத்து, "பொண்ணு அப்படியே உங்க ஜாடை" என்று வேறு சொன்னது உண்மைதான். அவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. காது மந்தம். வாடிக்கையாளரே கட்டிப்பிடித்து வரவேற்றதில் மனிதர் நெகிழ்ந்துபோயிருந்தார். தாங்கள் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டதும், அன்று முதல் பெற்ற பெண்ணிடம்கூடப் பேசாததும் எனக்குத் தெரியும்.

மருமகள் என்னைத் திட்டவில்லை. "மாமா, நாளைக்கு என்கூட ஆபீசுக்கு வாங்க" என்றாள். மூளை முகங்களை எப்படி அடையாளம் காண்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற வேலை அவளுக்கு. நான் ஏதோ வரவு செலவு பார்க்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அங்கே திரையில் ஒரு முகம். யாருடையதும் இல்லை, ஏராளமான முகங்களின் சராசரியாம். "இதுலேருந்து ஒவ்வொருத்தர் முகமும் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் விலகியிருக்குன்னு சில எண்களால சொல்லிடலாம் மாமா. மூளையும் கிட்டத்தட்ட அப்படித்தான் அளக்குதுன்னு நினைக்கிறோம்" என்று எண்களை மாற்றினாள். மூக்கு நீண்டது, கண்கள் நெருங்கின, தாடை அகன்றது. சராசரிக்குள்ளிருந்து ஒரு மனிதன் எழுந்து வந்தான்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் இத்தனை கணக்கையும் போட்டுவிட்டு, போட்டதே தெரியாமல் ஊரில் எல்லோரும் கடையில் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், சம்பந்தி!

"யாருன்னு சொல்லுங்க?"

"யாரோ, நல்ல பையனா இருக்கான்."

"உங்க பிள்ளை மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறவியிலேயே எனக்கு அந்த அளவுகோல் வேலை செய்யவில்லையாம். இத்தனை வருஷமும் குரலையும் நடையையும் வைத்தே ஒப்பேற்றியிருக்கிறேன். அழுகைதான் வந்திருக்க வேண்டும்; வந்தது பிரமிப்பு. அத்தனை கூட்டத்தில் தாங்கள் தூரத்திலேயே என்னைக் கண்டுகொண்டு கையசைத்தீர்களாமே, சம்பந்தியம்மாள் போனில் சொன்னார்கள். அது எவ்வளவு பெரிய கணக்கு!

அடுத்த முறை கையசைக்காதீர்கள், வாய்விட்டுக் கூப்பிடுங்கள். பெண்ணிடம் பேசுங்கள். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: வாசலில் பேசாமல் நின்றவரைக் கூரியர்காரர் என்று நினைத்து, "கொஞ்சம் நில்லுங்க, ஒட்டித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது மருமகள் "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள். ஆகவே இதைக் கையிலேயே தருகிறேன். உள்ளே வாருங்கள்.