ராஜாவை ஃபுல் ஸ்கிரீனில் போட்ட தேவாங்கு

ஒரு காட்டில் கரண்ட் வந்தது. கரண்ட் வந்த கையோடு மீட்டிங்கும் வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கு மரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டி, புலி ராஜாவின் சாதனைகளை ஸ்லைடு போட்டுக் காட்டுவார்கள். சாதனை இருக்கிறதோ இல்லையோ, முதல் ஸ்லைடில் ராஜா இருந்தாக வேண்டும்.

போன வருஷம் ஸ்லைடு போட்டது கீரி. ராஜாவின் படம் உயரவாக்கில் எடுத்தது, திரையோ அகலம். அதனால் படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்பாகப் பட்டை விழுந்தது. "என்னைக் கூண்டுக்குள்ள அடைச்சது யாரு?" என்று ராஜா கேட்டார். அதற்கப்புறம் கீரியை யாரும் பார்க்கவில்லை. ராஜாவும் அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் அந்த வேலை தேவாங்கின் தலையில் விழுந்தது. தேவாங்கு பாவம், காட்டிலேயே மெதுவாக நடக்கிற ஜீவன். கீரிக்காவது ஓடிப் பார்க்கக் கால் இருந்தது. இதற்கு அந்த வழியும் இல்லை.

படம் எடுத்துக் கொடுத்தது மந்தி. இந்தத் தடவையும் போனை நெட்டுக்குத்தலாகப் பிடித்தே எடுத்திருந்தது.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சிருக்கக் கூடாதா?"

"அண்ணே, எதிர்ல நிக்கிறது புலி. எனக்குக் கை நடுங்காம இருந்ததே பெரிசு."

தேவாங்கு லேப்டாப்பில் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தது. படம் ஒழுங்காகப் பெரிதாகித் திரையை நிறைத்தது, ஆனால் ராஜாவின் காது மேலே போயிற்று, கால் கீழே போயிற்று. நடுவில் மிஞ்சியது மூக்கும் மீசையும்தான். கால் இல்லாத ராஜாவைக் காட்டினால் தன் கால் என்ன ஆகும் என்று தேவாங்கு அதைக் குனிந்து பார்த்துக்கொண்டது. மீட்டிங் மணி வேறு அடித்துவிட்டது. வந்தது வரட்டும் என்று படத்தைப் பழைய அளவுக்குச் சுருக்கி, அதன் பக்கவாட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டது.

கறுப்புப் பட்டை ஒழிந்தது. திரையில் புலி, எருமை அகலத்துக்கு நின்றது.

தேவாங்கு கண்ணை மூடிக்கொண்டது. அந்தக் கண்ணை மூடவே அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

மந்திரி நரிதான் முதலில் வாயைத் திறந்தது. "ராஜா, மார்பு என்னமா விரிஞ்சிருக்கு!"

ராஜா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நான் இப்படித்தான் இருக்கேன். இத்தனை நாளா எவனும் சரியாக் காட்டலை" என்றார். தேவாங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

படம் காடு காடாகச் சுற்றியது. பார்த்துவிட்டு, நட்பு பேசப் பக்கத்துக் காட்டுக் கரடி நேரிலேயே வந்தது. குகை வாசலில் நின்றவரைப் பார்த்து, "தம்பி, ராஜா உள்ள இருக்காரா?" என்று கேட்டது.

ராஜாவுக்கு மானம் போயிற்று. ஸ்லைடில் இருக்கிற அகலம் தனக்கும் வர வேண்டும் என்று சாப்பிட ஆரம்பித்தார். காட்டுப்பன்றிகளில் சில குடும்பங்கள் குறைந்தன. அதற்கு ஸ்லைடு போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ராஜாவால் முயலைக்கூடத் துரத்த முடியவில்லை. மான்களே பரிதாபப்பட்டு, எட்ட நின்று பலாச்சுளையை உருட்டிவிட்டன.

அடுத்த மீட்டிங் வந்தது. நெட்டுக்குத்தலாகப் பிடித்த போனில் ராஜா அடங்கவில்லை, மந்தி தானாகவே அதைச் சாய்த்தது. படம் இழுக்காமல் கொள்ளாமல் திரையில் ஓரத்துக்கு ஓரம் பொருந்தி உட்கார்ந்தது.

ராஜா முகத்தைச் சுளித்தார். "என்னப்பா இது, இவ்வளவு குண்டாவா இருக்கேன்? ஒல்லியாக்கு."

தேவாங்கு இரண்டு பக்கத்தையும் உள்ளே தள்ளியது. ராஜா ஒல்லியானார். கூடவே கறுப்புப் பட்டையும் வந்தது.

"கூண்டு!" என்று ராஜா உறுமினார். பாய்வதற்காக எழப் பார்த்தார். எழ முடியவில்லை. இன்னொரு தடவை முயன்றார். பலாக்கொட்டைகள்தான் உருண்டன.

தேவாங்கு லேப்டாப்பை மூடியது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ராஜாவின் மூக்குக்கு முன்னால், தன் வழக்கமான நடையில் காட்டைக் கடந்து போனது. போய்ச் சேரச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரைக்கும் ராஜா உறுமிக்கொண்டேதான் இருந்தார்.

நீதி: ராஜாவின் படத்தை மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாட்டில் இழுங்கள், குடிமக்கள் நிதானமாக நடந்து போகலாம்.