ஜெபத்துக்கு இடைஞ்சலான ஃபேன்

ஒன்றும் தெரியாதவன் எந்தப் பொருளையும் தொடப் பயப்படுவான். அதனால் அவனால் பெரிய சேதம் கிடையாது. குடி கெடுவதெல்லாம் பாதி தெரிந்தவனால்தான். இதை நான் ஆராய்ந்து சொல்லவில்லை. மஸ்கட்டில் பதினொரு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற தகுதியில், அனுபவித்துச் சொல்கிறேன்.

மனைவியின் அம்மாவான மாமி இறந்த பிறகு மாமாவைத் தனியாக விட மனமில்லாமல், நானும் என் மனைவி ஷைனியும் நாகர்கோவில் பக்கத்திலுள்ள அவர் வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மாலை ஆறரைக்குக் குடும்ப ஜெபம். போதகரே வாசலில் வந்து நின்றாலும் அது ஆறு முப்பத்தொன்றுக்குத் தள்ளிப்போகாது.

அந்த வீட்டு அடுக்களையில் அலமாரிக்குள் பதித்த ஓவன் ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன்பு மாமிக்காக நான்தான் கார்கோவில் அனுப்பியது. மாமியின் பழக்கேக் எங்கள் சபையில் பேர்போனது. முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குச் சாயாவோடு அந்தக் கேக்கைத்தான் கொடுக்க வேண்டும், அதையும் தன் கையால்தான் செய்ய வேண்டும் என்று ஷைனி முடிவுசெய்தாள். அம்மா கண்மூடும்போது அவள் மஸ்கட்டில் இருந்தாள். அடக்கத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது. அந்த வருத்தத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேக்கையாவது செய்து வைக்க நினைத்தாள்.

முந்தின வாரமே ஒத்திகை தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, மாமியின் நோட்டைப் பார்த்து மாவு கலக்குவாள். ஆறேகாலுக்குக் கேக் வெளியே வரும். ஓவனை அணைத்துவிடுவாள். ஆனால் அதன் கதவுக்கு மேலுள்ள இடுக்கு வழியாக ஒரு ஃபேன் மட்டும் ஊதிக்கொண்டே இருக்கும். மாமா கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்குவார். அடுக்களையிலிருந்து சத்தம் வரும். நிறுத்துவார். சத்தம் நிற்காது. மறுபடி தொடங்குவார். முழங்காலில் இருந்த எனக்கு அந்த வாரம் ஜெபங்கள் எல்லாம் இரட்டிப்பாக நீண்டன. (என் பக்திக்கு அதுவரை அப்படியொரு சோதனை வந்ததில்லை.)

நான் யோசித்தேன். சுவிட்சை அணைத்தால் ஃபேன் நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஆகவே சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்த முடிவுக்கு வர எனக்கு அரை நிமிடம் ஆனது. ஓவனோடு வந்த புத்தகம் மேசை டிராயரில் கிடக்கிறது, எடுத்துத் தரட்டுமா என்று ஷைனி கேட்டாள். புத்தகம் பார்த்து ஊசி போடுகிற டாக்டரிடம் நீ போவாயா என்று நான் திருப்பிக் கேட்டேன். இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது.

வியாழக்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனதும் மெயினை அணைத்தேன். ஓவனை முன்னால் இழுத்துப் பின் தகட்டைக் கழற்றினேன். ஃபேனுக்குப் போகும் இரண்டு வயரையும் பிடுங்கி டேப் சுற்றி, உள்ளே ஒதுக்கிவைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. கெடுப்பதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று மாலை வீடு அமைதியாக இருந்தது. மாமா ஜெபத்தின் நடுவே என் பெயரைச் சொல்லி, மருமகனின் கைகளை ஆசீர்வதிக்கும்படி வேண்டிக்கொண்டார். எல்லாரையும் விட நான்தான் சத்தமாக ஆமென் சொன்னேன்.

சனிக்கிழமை நினைவு நாள். நான்கு மணிக்கு ஜெபம். பதினோரு மணிக்கு ஷைனி இரண்டு பெரிய தட்டுகளை ஓவனில் வைத்தாள். முக்கால் மணி நேரம் ஆனபோது ஓவனின் விளக்கு அணைந்தது. திருகுகிற குமிழைத் தொட்டவள் சூடு பட்டுக் கையை உதறினாள். உள்ளே பார்த்தால், பொங்கி எழுந்த கேக் இரண்டும் எங்கள் கண்முன்னே நடுவில் குழிந்துகொண்டிருந்தன.

"ஃபேன் ஓடல்லியே. நீங்க என்ன செஞ்சிய?"

சொன்னேன். அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். டிராயரைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். ஓவனின் வெளிப்பக்கத்தை ஆற்றத்தான் அந்த ஃபேன், அளவுக்கு மீறிச் சூடேறினால் ஓவன் தானாகவே கரண்டை நிறுத்திக்கொள்ளும், ஆறினால்தான் திரும்ப வேலை செய்யும் என்று அதில் போட்டிருந்தது. நான் வயர்களை மாட்டிவிட்டு, முன்னறையிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து ஓவனுக்குக் காற்று வீசவிட்டேன். ஒரு ஃபேனைக் கழற்றியவன் இன்னொரு ஃபேனோடு நிற்பதை, கல்லறைக்குப் பூ வாங்கிக்கொண்டு தோவாளையிலிருந்து வந்து இறங்கிய சித்தி பார்த்தாள். மாமியின் தங்கை. ஓவனுக்கா வேர்க்கிறது என்று கேட்டாள். டவுனுக்குப் போய் பேக்கரிக் கேக் வாங்கி வரட்டுமா என்று ஷைனியிடம் மெதுவாகக் கேட்டேன். அது இரண்டாவது தவறு.

"கடைக் கேக்கு வேண்டாம். அம்மைக்க கேக்குதான் வேணும்," என்றவள் அதற்குப் பிறகு அழுதாள். நான் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றேன். அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஓவன் திரும்பவும் ஓடியது. கேக் எழும்பவில்லை. ஓரம் வெந்திருந்தது, நடு பச்சையாகவே கிடந்தது. ஓரங்களை மட்டும் விரல் அகலத்துக்கு நறுக்கிப் பரிமாறினோம். வந்தவர்கள் மாமியின் கேக் போலவே இருப்பதாகச் சொன்னார்கள். துக்க வீட்டில் சொல்கிற பொய்களுக்குக் கணக்கில்லை.

எல்லாரும் போனபின் மாமா அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். அணைத்த பின்னும் சூடு தணியும்வரை ஃபேன் ஓடத்தான் செய்யும், அது கோளாறு இல்லை என்ற வரியில் விரலை வைத்தார். அவருக்கு ஒரு சந்தேகம்: மாமி இருந்தபோது ஒருநாளும் இந்தச் சத்தம் கேட்டதில்லையே?

"அப்பவும் ஓடிச்சு அப்பா," என்றாள் ஷைனி. "அம்ம மூணு மணிக்கே கேக்கை எறக்கிருவா. லீவுக்கு வந்தப்ப, எதுக்கு இப்பிடி அவசரப்படுதேன்னு நான் கேட்டேன். இது நின்னு முடியணும், அப்பா ஜெபம் பண்ணுத நேரம் இரையப்பிடாதுன்னா. அவ சொன்னது இந்த ஃபேனைன்னு இப்பத்தான் எனக்கு வெளங்குது."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு ஒண்ணுமே தெரியல்ல, பாத்தியா," என்றார்.

அடுத்த மாதம் ஷைனி அந்தக் கேக்கைச் சரியாகச் செய்துவிட்டாள். ஆனால் குடும்பத்தில் என் பேர் போனது போனதுதான். எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், சித்தி ஃபேன் சுவிட்ச் இருக்கும் சுவருக்கும் எனக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறாள். கேட்பவர்களுக்கெல்லாம் காரணமும் சொல்கிறாள்.

ஷைனி இப்போதும் பள்ளிக்கூடம் விட்டு வந்துதான் கேக் செய்கிறாள். அந்த நாட்களில் ஆறரைக்கு ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மாமா பைபிளைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மணி ஏழாகப் போகிறதே என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இருக்கட்டும் மாப்பிள," என்றார். "அவ பேசி முடியட்டும்."