மெக்சிகன் மசக்கை

மூன்றாவது நைட்டியையும் பாண்டியம்மாள் கட்டிலில் விரித்துப் போட்டாள். ஒன்றில் மயில், ஒன்றில் ரோஜா, மூன்றாவதில் எந்த நாட்டுச் செடியிலும் பூக்காத ஏதோ ஒரு பூ.

"ஒனக்குத்தான் ஆத்தா. கம்பத்துல நாலு கடை ஏறி இறங்கி எடுத்தேன். போட்டுப் பாரு."

சிம்ரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காமயகவுண்டன்பட்டிக்கு அவள் மருமகளாக வந்து ஆறு மாதம் ஆகிறது. சென்னைப் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டப்போன மகன் பாண்டி, சொல்லாமல் கொள்ளாமல் கட்டிக்கொண்டு வந்த விழுப்புரத்துப் பெண் அவள். இந்த ஆறு மாதத்தில் மாமியார் அவளோடு பேசிய பேச்சை எல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். அந்த மாமியார்தான் இப்போது ஆத்தா என்கிறாள்.

"எதுக்கு அத்தை இவ்ளோ?"

"எதுக்கா? நேத்து பாண்டிகிட்ட போன்ல அழுதேல்ல. 'மேக்சி கவுன் இல்லாம இருக்க முடியல, அத நெனச்சாலே அழுகையா வருது'ன்னு. என் காதுல விழுந்துச்சு. மேக்சிதான் வேணும்னா எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான? சேலையக் கட்டிக்கிட்டு நீ படுற பாட்டத்தான் நானும் பாக்குறனே."

"ஐயோ அத்தை, அது மேக்சி கவுன் இல்ல. மெக்சிகன். மெக்சிகன் ரோல். சாப்புடுறது."

"திங்கிறதா?"

திங்கிறதுதான். சிம்ரன் நான்கு வருடம் செல்போன் கம்பெனியில் நின்றுகொண்டே திருகு முடுக்கியவள். எட்டு மணி நேரம் நின்று, கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கேட்டுக்கு வெளியே வரும்போது ஒரு தள்ளுவண்டி நிற்கும். மைதாச் சப்பாத்தி, முட்டைக்கோஸ், அவித்த உருளைக்கிழங்கு, வெள்ளையாக ஒரு மயோனைஸ், சிவப்பாக ஒரு சாஸ். எல்லாவற்றுக்கும் மேலே காரச் சிப்ஸை உள்ளங்கையில் நொறுக்கித் தூவிச் சுருட்டி, தாளில் வைத்துக் கொடுப்பார் வண்டிக்காரர். மெக்சிகோ எந்தத் திசையில் இருக்கிறது என்று வண்டிக்காரருக்கும் தெரியாது, வாங்கித் தின்ற பெண்களுக்கும் தெரியாது. ஆனால் முதல் கடியில் கால் திரும்பி வந்துவிடும்.

இங்கே வேலை திராட்சைத் தோட்டத்தில். பந்தலுக்கு அடியில் நாள் முழுக்க அண்ணாந்து நின்று, கையைத் தூக்கியபடியே ஒவ்வொரு கொத்திலும் வளராத பொடிக்காய்களைக் கத்தரிக்க வேண்டும். கால் போய் இப்போது கழுத்து. வீட்டுக்கு வந்தால் சோறு, குழம்பு. நல்ல குழம்புதான். ஆனால் கழுத்து திரும்பி வரவில்லை.

"என்னடி அங்க சத்தம்?" என்று வாசலிலிருந்து மாமனார் ராஜபாண்டி கேட்டார். கடைத் தீனி என்றாலே அவருக்கு ஆகாது. வீட்டில் அடுப்பு எரியும்போது கடையில் வாய் வைக்கிறவள் குடும்பத்துக்கு உதவமாட்டாள் என்பது அவர் சட்டம். பழைய ஆள். சட்டத்தில் திருத்தம் கிடையாது.

பாண்டியம்மாள் மருமகளை ஒரு நிமிடம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஒங்களத்தான். பிள்ளைக்கு வாய் எதையோ தேடுது. ஊரு பேரு தெரியாத பண்டத்தக் கேட்டு அழுகுது. இன்னும் ஒங்களுக்கு வெளக்கு வச்சுக் காட்டணுமாக்கும்?"

ராஜபாண்டி வாசலிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மசக்கையா?"

"அத்தை, நான் வந்து..." என்று சிம்ரன் வாயைத் திறந்தாள்.

"சும்மா இரு ஆத்தா. இந்த மாதிரி நேரத்துல ஒண்ணும் பேசப்படாது."

ராஜபாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு டிவிஎஸ்ஸை உதைத்தார். "ஆசப்பட்டது கெடைக்கலைன்னா பொறக்குற பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும். நம்ம பாண்டிக்கு ஒரு நாளு வடிஞ்சிருக்கா? ஏன் வடியல? கேட்டதக் கேட்ட நேரத்துல வாங்கியாந்து குடுத்தவன்டி நான். மருமககிட்ட கேளு, அந்தப் பண்டத்துக்குப் பேரு என்ன?"

"மெக்சிகனு."

"மெக்சிகனு," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்பினார். மறந்துவிடக் கூடாதே என்று வழியில் ஒவ்வொரு டீக்கடையிலும் நின்று சொல்லிக்கொண்டே போனார். யாருக்கு, எதற்கு என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் கம்பம் போய்த் திரும்புவதற்குள் ஊரில் ஒரு ஆடு மாடு பாக்கி இல்லாமல் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அன்றைக்குக் கொண்டுவந்தது முட்டை பப்ஸ். "மேல குடமிளகா வச்சிருக்கான் பாரு, அதான் மெக்சிகனாம். பேக்கரிக்காரன் சொன்னான்."

"இது இல்ல மாமா," என்றாள் சிம்ரன் மெதுவாக.

மறுநாள் கம்பத்தில் அப்துல் வாஹித் பாய் கடையில் புரோட்டாவைப் பாயாகச் சுருட்டி, உள்ளே சால்னாவை ஊற்றி வாங்கி வந்தார். வருகிற வழியில் சால்னா எல்லாம் அவர் வேட்டிக்கு வந்துவிட்டது.

"இதுவும் இல்ல மாமா."

"இது இல்லைன்னா போகட்டும், இங்க குடு," என்று பாண்டியம்மாள் பாதியைப் பிய்த்துக்கொண்டாள். "இந்த மாதிரி நேரத்துல பிள்ளையத் தனியாத் திங்க விடப்படாது. கண்ணு பட்டுரும்." பப்ஸிலும் அவள் பாதி எடுத்திருந்தாள். பாவம், கண்ணேறுக்குப் பயந்து எதைக் கொடுத்தாலும் பாதியைத் தானே ஏற்றுக்கொண்டாள்.

தோட்டத்துப் பெண்கள் சிம்ரனைக் கத்தரியைத் தொடவிடவில்லை. வரப்பு நிழலில் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு தூக்குவாளி கொண்டுவந்து வைத்தார்கள். புளிச்சோறு, பணியாரம், உப்பு மாங்காய். "ஒரு வாயி, எனக்காக ஒரு வாயி," என்று ஊட்டினார்கள். பதினோரு பேர் ஊட்டிய பிறகு சிம்ரன் வரப்போரம் போய் வாந்தி எடுத்தாள்.

"அப்பாடி!" என்றார்கள் பதினோரு பேரும். ஒருத்திக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

மதியம் திராட்சை லோடோடு லாரியில் கொச்சி போயிருந்த புருசன் பாண்டீஸ்வரன் போனில் கூப்பிட்டான். "ஏன்டி, ஊரெல்லாம் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் சொல்லல? லாரி புரோக்கர் சொல்லித்தான்டி எனக்கே தெரியுது!"

"பாண்டி, அதெல்லாம் ஒண்ணும் இல்ல, உங்க அம்மா தப்பா..."

"என்னது? இங்கன ஒரே ஆரன் சத்தம், ஒண்ணும் கேக்கல. ஒடம்பப் பாத்துக்க. நான் வர்றேன்!"

வந்தான். கையில் ஒரு பளபளப்பான அட்டைப் பெட்டி. கொச்சியில் ஏதோ பெரிய மாலில் வாங்கியதாம். "அசல் மெக்சிகன்டி. அந்த ஊருச் சமையல்காரரே செய்யுறாராம்."

திறந்தால் கறுப்பாக அரைத்த பயறும், பச்சையாக ஒரு மசியலும், எலுமிச்சைத் துண்டும் இருந்தன. சிம்ரன் ஒரு வாய் வைத்தாள். புளித்தது. பாண்டியம்மாள் தன் பாதியைத் தின்று பார்த்துவிட்டு, "நேத்து வச்ச பாசிப்பயறா?" என்று கேட்டாள். அன்றைக்கு மட்டும் தன் பாதியை முடிக்காமல் வைத்துவிட்டாள்.

அறைக்குள் போனதும் சிம்ரன் புருசனிடம் உண்மையைச் சொன்னாள். அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் பொசுக்கென்று போனது.

"சரி விடு. வரும்போது வரட்டும். ஆனா அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நீதான். உங்கம்மா தானே?"

"ஒன்னயக் கட்டுனத நாந்தான சொன்னேன்? இத நீ சொல்லு. எனக்கு லோடு ஏத்தணும்." வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான்.

சொல்லிவிடலாம். சொல்வதற்கு என்ன, ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியோடு 'ஆத்தா' போய்விடும். இப்போதெல்லாம் காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துவிடும் மாமியாரின் காய்த்த கை போய்விடும். பழையபடி தீப்பெட்டிப் பேச்சு. 'எங்கிருந்தோ வந்தவ, பொய்யி சொல்லி ஊரக் கூட்டிட்டா' என்றும் பேர் வரும். நேற்றுவரை யாருமில்லாத ஊரில் ஒரு மனுசி கிடைத்திருக்கிறாள். அவளையும் எப்படி இழப்பது?

அதோடு அந்தப் பாழாய்ப்போன ஆசையும் அடங்கவில்லை. சனிக்கிழமை தானே பஸ் ஏறிக் கம்பம் போய் வாஹித் பாய் கடையில் நின்றாள்.

"பாய், நான் சொல்ற மாதிரி செஞ்சு தருவீங்களா?"

பாய்க்கு எழுபதை நெருங்கிய வயது. தாடி மருதாணிச் சிவப்பு. "ராஜபாண்டி மருமகளாம்மா? சொல்லுங்க, செஞ்சுருவோம்."

"புரோட்டாவை வீசாதீங்க. மாவைச் சும்மா தேய்ச்சுப் போடுங்க. பாதி வேகட்டும். கோஸை மெலிசா சீவுங்க, வதக்கவே கூடாது."

"பச்சையாவா?"

"பச்சையாத்தான். பக்கத்துல ஷவர்மா கடையில மயோனைஸ் வாங்கிக்கலாம். தக்காளி சாஸு, அந்த மட்டமான சாஸு இருக்குல்ல, பெரிய கேன்ல வருமே, அது. அப்புறம் சரம் சரமாத் தொங்குதே, அந்தக் காரச் சிப்ஸ் பாக்கெட்டு ஒண்ணு."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். நாற்பது வருடம் கல்லுக்கு முன்னால் நின்ற மனிதர். "ஒரு நல்ல பண்டத்த இப்பிடிக் கெடுக்கச் சொல்றீகளேம்மா," என்றபடி செய்துகொடுத்தார்.

சிம்ரன் கடித்தாள். சிப்ஸ் நொறுங்கியது, சாஸ் வாயோரம் வழிந்தது. அதே ருசி. அதே மட்டமான, மகராசி ருசி. கழுத்து இறங்கித் தோளில் உட்கார்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"காரமா?" என்றார் பாய்.

"இல்ல பாய். சரியா இருக்கு."

ஒன்று கட்டி வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள். பாண்டியம்மாள் பாதியைத் தின்றாள். விரலை நக்கினாள். மீதிப் பாதியைப் பார்த்தாள். "நாளைக்கும் இதையே வாங்கியாரச் சொல்லு ஒங்க மாமன," என்றாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் ராஜபாண்டி டிவிஎஸ்ஸில் போய் ரெண்டு ரோல் வாங்கி வந்தார். ஒன்று மருமகளுக்கு, ஒன்று வயிற்றில் இருப்பதற்கு. வயிற்றில் இருப்பதன் பங்கைக் கண்ணேறு கழிக்கப் பாண்டியம்மாள் தின்றாள்.

ஒரு வாரம் கழிந்து ஒரு திங்கட்கிழமை ராஜபாண்டி அறிவித்தார்: "புதன்கிழமை நர்சம்மா வருவாக. சோதிச்சுப் பாத்துப் பேரு பதியணுமாம். நான் சொல்லிட்டு வந்துட்டேன்."

செவ்வாய்க்கிழமை காலை, வழக்கமான தேதியில், ஒரு நாள் முன்பின் இல்லாமல், சிம்ரனுக்கு மாதவிலக்கு ஆனது.

இனிமேல் பொய்க்கு இடமில்லை. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, என்னை மன்னிச்சிருங்க. எனக்கு ஒண்ணுமே இல்ல. எப்பவுமே இல்ல. நான் சும்மா அந்த ரோலுக்குத்தான் ஆசைப்பட்டேன். நீங்க சந்தோசப்பட்டீங்க, உண்மையைச் சொல்ல வாய் வரல. இன்னைக்கு... ஆயிடுச்சு."

பாண்டியம்மாள் கை நின்றது. சிம்ரன் அடிக்குக் காத்திருப்பவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அழுகாத," என்றாள் பாண்டியம்மாள். எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"ஒங்களத்தான். நர்சம்மாவ வர வேண்டாம்னு சொல்லிருங்க. அது மசக்கை இல்லயாம். சூட்டுக்கு வாயி கசந்திருக்கு. நாந்தான் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன். பிள்ளைய ஒண்ணும் கேக்காதிக."

ராஜபாண்டி தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பிறகு, "சின்னஞ்சிறுசுக. அடுத்த மாசம் பாப்பம்," என்றார். இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கும் அந்த ரோல நிறுத்த வேண்டாம்," என்றார்.

சிம்ரனால் தாங்க முடியவில்லை. மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. பழியை எல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டாள். இப்படிப்பட்ட மனுசியை ஏமாற்றி ஒரு வாரமாக வாய்க்கு ருசியாகத் தின்றிருக்கிறோமே என்று நெஞ்சு அறுத்தது. இனி அந்த ரோலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து, மறுநாள் பஸ் ஏறிக் கம்பம் போனாள்.

"பாய், எங்க மாமா வந்து கேட்டா ரோல் குடுக்காதீங்க."

"ஏம்மா, ருசி சரியில்லையா?"

"ருசி நல்லாத்தான் இருந்துச்சு." கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு மசக்கையே இல்ல பாய். ஒரு ரோலுக்கு ஆசைப்பட்டு எங்க அத்தையை ஏமாத்திட்டேன். ஒண்ணுந்தெரியாத மனுசி."

வாஹித் பாய் கல்லில் கிடந்த புரோட்டாவைத் திருப்பப் போனவர் அப்படியே நின்றார். அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாடி குலுங்கச் சிரித்தார்.

"யாரு, பாண்டியம்மாவா? அட போம்மா! அந்தப் புண்ணியவதி பெத்தது ஒத்தப் பிள்ள. ஆனா மசக்கைக்காரிக்குன்னு சொல்லி ஒங்க மாமனாரு எங்கிட்டப் புரோட்டா வாங்கிட்டுப் போனது எட்டு வருசம்!"